அல்-பல்கியும் வஸ்வாஸும்

முஸ்லிம்களின் அறிவியற் பங்களிப்புப் பற்றி நம்மவர் எழுதும்போதும் மேடைகளில் பேசும்போதும் ஒரு பட்டியல் தவறாமல் வரும். இப்னு சீனா, அல்-ராஸி, அல்-குவாரிஸ்மி, இப்னுல் ஹைதம். வாசித்து முடித்ததும் ஒரு பெருமூச்சு; அத்துடன் கூட்டம் கலைந்துவிடும். அப்பட்டியலில் அநேகமாக இடம்பெறாத ஒருவரைப் பற்றியே எழுத விரும்புகிறேன். நமது வீடுகளில் கதவடைத்து மறைக்கப்படும் ஒரு துன்பத்தைப் பற்றி ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே வெளிப்படையாகப் பேசியவர் அவர்.

அபூ ஸைத் அஹ்மத் இப்னு ஸஹ்ல் அல்-பல்கி, இன்றைய வட ஆப்கானிஸ்தானில் பல்க் நகரையடுத்த ஷாமிஸ்தியான் கிராமத்தில் 850ஆம் ஆண்டளவில் பிறந்தார். தந்தை சிறுவர்க்கு ஓதிக்கொடுக்கும் ஆசிரியர். இளவயதில் ஈராக் சென்று கற்றார். தத்துவஞானி அல்-கிந்தியின் மாணவர் வரிசையில் வைத்து எண்ணப்படுபவர். பின்னர் ஊர் திரும்பி 934இல் காலமானார். வரலாற்றாசிரியர்களுக்கு அவரைப் புவியியலாளராகவே அதிகம் தெரியும். இஸ்தக்ரீ, இப்னு ஹவ்கல் போன்றோரின் உலகப்படங்கள் இன்றும் 'பல்கி மரபு' என்றே அழைக்கப்படுகின்றன. அவர் எழுதியவற்றிற் பெரும்பகுதி அழிந்துவிட்டது. தப்பியவற்றுள் ஒன்று 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்புஸ்', அதாவது உடல்களினதும் உள்ளங்களினதும் நலன்கள்.

இரு பாகங்கள் கொண்டது அந்நூல். முதலாவது உடலைப் பற்றியது, பதினான்கு அத்தியாயங்கள். இரண்டாவது உள்ளத்தைப் பற்றியது, எட்டு அத்தியாயங்கள். கோபம், அச்சம், துக்கம், வஸ்வாஸ் என்னும் நான்கையும் இந்த இரண்டாம் பாகம் தனித்தனியே எடுத்து ஆராய்கிறது. உடலுக்கு நோய் வருவது போலவே உள்ளத்துக்கும் வரும். எவரும் இதற்கு விலக்கல்லர். உடல்நோயைவிட இதுவே மனிதரை அடிக்கடி பிடிக்கிறது. அப்படியிருக்க வைத்தியர்கள் இதைக் கவனிக்காது விட்டுவிட்டனர். இவை அவருடைய வாதங்கள். எதிர்பாராத சுகவீனத்துக்கென வீட்டில் மருந்தை முன்கூட்டியே வைத்திருப்பதைப் போல, மனம் அமைதியாயிருக்கும் வேளையில் நல்ல எண்ணங்களைச் சேமித்துவைத்துத் துன்பம் வரும்போது எடுத்துப் பயன்படுத்தச் சொல்கிறார். 1960களில் ஆரன் பெக் அமெரிக்காவில் வளர்த்தெடுத்த சிந்தனைச் சிகிச்சையைப் பற்றி வாசித்தவர்கள் இவ்விடத்தில் சற்று நிற்பார்கள்.

துக்கத்தை அவர் இரண்டாகப் பிரித்தது என்னை வெகுவாகக் கவர்ந்தது. ஒன்று, காரணம் தெரிந்த துக்கம்: பிரியமானவரின் மௌத்து, பொருளிழப்பு. மற்றையது, காரணம் எதுவும் புலப்படாத துக்கம். இதன் வேர் உடலில் இருக்கிறது. ஆகவே வைத்தியமும் உடலுக்கே வேண்டும் என்கிறார். காரணமின்றி அழும் ஒரு பெண்ணிடம் "உனக்கு என்ன குறை?" என்று கேட்கும் நம் வழக்கத்துக்கு இதில் பதிலிருக்கிறது. அச்சத்துக்கு அவர் கூறும் பரிகாரமும் கவனத்துக்குரியது. அஞ்சும் காட்சியையும் ஓசையையும் கண்ணுக்கும் காதுக்கும் மீண்டும் மீண்டும் பழக்க வேண்டுமாம். ஜோசப் வோல்ப் தமது நடத்தைச் சிகிச்சை நூலை வெளியிட்டது 1958இல்.

இனி வஸ்வாஸ். இச்சொல்லுக்கு நம்மிடையே விளக்கம் தேவையில்லை. ஹவுழடியில் இருந்துகொண்டு மூன்றாம் முறை, பத்தாம் முறை என்று வுழூச் செய்பவரை, நிய்யத் சரிவரவில்லையென்று தக்பீரைத் திரும்பத் திரும்பக் கட்டுபவரை எந்த ஊரிலும் காணலாம். இளைஞர் சிரிப்பார்கள், பெரியவர்கள் 'ஷைத்தானின் வேலை' என்பார்கள். வீட்டார் ஓதிய தண்ணீருக்கும் நூலுக்குமாக அலைவார்கள். சந்தேகத்தால் உறுதி நீங்காது என்ற சட்ட விதியை ஃபிக்ஹ் அறிஞர்கள் வகுத்துத் தந்திருக்கிறார்கள். இப்னு குதாமா இதற்கென ஒரு சிறுநூலே எழுதினார். ஆனால் விதியை அறிந்த பிறகும் கை நிற்காதவன் என்ன செய்வான்? அவனுக்கு ஈமான் குறைவென்று சொல்வதைவிடக் கொடிய சொல் இல்லை. அவனே அதைத்தானே இரவு பகலாகத் தனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறான்!

அல்-பல்கி வஸ்வாஸைக் குறித்துப் பேசும்போது உடலின் சுபாவத்தையும் கணக்கிலெடுக்கிறார். 2015இல் ரானியா அவாதும் இன்னோர் ஆய்வாளரும் அவருடைய விவரணையை இன்றைய உளமருத்துவக் கைநூலுடன் ஒப்பிட்டு, இரண்டும் நெருங்கி வருவதை எடுத்துக்காட்டினர். உடலின் பங்கை நம் காலத்து நரம்பியல் வேறு வழியால் கண்டது. 1992இல் லொஸ் ஏஞ்சல்ஸில் லூயிஸ் பக்ஸ்டர் குழுவினர் இந்நோயாளர் சிலருக்கு மருந்தும், வேறு சிலருக்கு நடத்தைச் சிகிச்சையும் கொடுத்து, முன்னும் பின்னும் மூளையைப் படம்பிடித்தனர். குணங்கண்டவர்களின் மூளையில், மருந்தால் குணமானாலும் பயிற்சியால் குணமானாலும், வலப்புற 'கோடேட்' பகுதியின் மிகையான இயக்கம் தணிந்திருந்தது.

இதைச் சொன்னதும் "எல்லாம் எங்கள் கிதாபிலேயே இருக்கிறது" என்று ஒருவர் எழுந்து நிற்பார். அவருக்காக இரண்டு வார்த்தை. அல்-பல்கியின் உடலியல் கிரேக்கரிடமிருந்து வந்த நான்கு திரவக் கொள்கை, அது பிழை. கோடேட்டை அவர் அறியார். அவரது சிறப்பு, நோயாளியைக் குற்றவாளியாக்காமல் உன்னிப்பாகப் பார்த்ததில் இருக்கிறது. அந்தப் பார்வையை நாம் பேணவும் இல்லை. இஸ்தான்பூலின் அயாசோபியாத் தொகுப்பில் கையெழுத்துப் பிரதியாய்க் கிடந்த நூலை புவாத் செஸ்கின் பிராங்க்பேர்ட்டிலிருந்து 1984இல் பிரதியெடுத்து வெளியிட்டார். உள்ளம் பற்றிய பாகத்தைச் சூடானிய உளவியலாளர் மாலிக் பத்ரி ஆங்கிலத்தில் தந்தது 2013இல். நம் பெருமைப் பேச்சுகளுக்கு அதைவிட வயது அதிகம்.

வஸ்வாஸுக்கு அவர் விதித்த பரிகாரங்களுள் முதன்மையானது தனிமையைத் தவிர்ப்பது. தனித்திருப்பவனிடமே அவ்வெண்ணங்கள் பலம் பெறுகின்றன. அவன் மனிதரோடு கலந்திருக்க வேண்டும், அவனை ஈர்க்கும் வேலையில் மனம் செல்ல வேண்டும் என்கிறார். நம் வீடுகளில் நடப்பதோ நேர் எதிரானது. தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்க வருகிறார்கள் என்றால், மூத்தவனை முதலில் பின்னறையில் வைத்துக் கதவைச் சாத்துகிறார்கள்.