ஹோட்டன்: உயிலில் வந்த பேர்

ஹோட்டன் சமவெளிக்கு நம்மில் பலர் பாடசாலைச் சுற்றுலாவிலேயே போயிருப்போம். உலக முடிவில் நின்று போட்டோவும் எடுத்திருப்போம். யார் அந்த ஹோட்டன் என்று கேட்டால் மட்டும் "யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை" என்று முடித்துவிடுவோம். துரைதான். 1831 முதல் 1837 வரை இலங்கையை ஆண்ட ஆளுநர் சேர் ரொபர்ட் வில்மட் ஹோட்டன். வேடிக்கை என்னவென்றால், ஹோட்டன் அவருடைய அப்பா வீட்டுப் பேரே இல்லை.

அவர் பிறந்தது ரொபர்ட் வில்மட்டாக. 1806இல் ஆன் ஹோட்டனைக் கல்யாணம் கட்டினார். (கவிஞர் பைரன் அழகைப் பாடிய ஒரு பிரபலமான கவிதை இந்த அம்மாவைப் பார்த்து எழுதியதுதான்.) மாமனாருக்கு இங்கிலாந்தின் டார்பிஷயரில் கேட்டன் என்ற இடத்தில் மாளிகையும் நிலமும் இருந்தன. தன் குடும்பப் பேரை மருமகன் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று உயிலில் எழுதிவிட்டார். அதன்படி 1823இல் அரச அனுமதியோடு வில்மட், வில்மட் ஹோட்டன் ஆனார். வீட்டோட மாப்பிள்ளை கேள்விப்பட்டிருக்கிறோம், இவர் பேரோட மாப்பிள்ளை.

பேருக்கு என்ன அர்த்தம்? பழைய ஆங்கிலத்தில் 'ஹொர்' என்றால் சேறு, 'டூன்' என்றால் பண்ணை அல்லது குடியிருப்பு. ஆக, சேற்றுப் பண்ணை. இங்கிலாந்தில் ஹோட்டன் என்று பல ஊர்கள் இருக்கின்றன. அங்கிருந்து வந்தவர்களை ஊர்ப் பேரால் கூப்பிட்டு, நாளடைவில் அது பிள்ளைகளுக்கும் இறங்கிக் குடும்பப் பேராக நிலைத்தது. வில்மட் வேறு வகை. வில்லியம் என்ற பேரைச் செல்லமாகச் சுருக்கியது. யாரோ ஒரு பாட்டனின் செல்லப் பேர் பரம்பரைக்கே ஒட்டிக்கொண்டது.

1834இல் வேட்டைக்குப் போன இரண்டு இராணுவ அதிகாரிகள் நம்ம மலைச் சமவெளியைக் 'கண்டுபிடித்தார்களாம்'. சிங்கள மக்கள் அதை மகா எலிய என்று முன்பே அழைத்து வந்தார்கள். ஆனாலும் ஆளுநரின் பேர் வைக்கப்பட்டது. ஊர்ப் பேராக இருந்து குடும்பப் பேராகி, உயில் வழியாகக் கைமாறி, கடல் தாண்டி மறுபடியும் ஓர் இடத்தின் பேராகிவிட்டது. (மழைக்காலத்தில் போய்ப் பாருங்கள், சேறு என்ற அர்த்தமும் பொருந்தும்.)

ஹோட்டனுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. இலங்கைக்கு வருமுன் லண்டனில் குடியேற்ற நாடுகளுக்கான துணைச் செயலாளராக இருந்தார். ஏழைகளை அரச செலவில் வெளிநாடு அனுப்ப வேண்டும் என்பது அவருடைய பெரிய திட்டம். 1823இலும் 1825இலும் சுமார் 2,500 ஐரிஷ் மக்கள் கனடாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்கு அங்கே நிலம் கிடைத்தது. அதே காலத்தில் கோப்பித் தோட்டங்களுக்காக மன்னார் வழியாக நடந்துவந்த நம்ம ஆட்களுக்குக் கிடைத்தது லயக் காம்பிராதான்.

நம்மிடம் குடும்பப் பேர் கிடையாது. அப்பா பேர் நமக்கு முதலெழுத்து. நம்ம பேர் நாளைக்குப் பிள்ளைக்கு முதலெழுத்து. இரண்டு தலைமுறையில் பாட்டன் பேர் கடதாசியிலிருந்து காணாமல் போகும். செக்ரோலில் எழுதியவருடைய காதில் விழுந்தபடி முத்துசாமி ஒரு இடத்தில் முத்து, இன்னொரு இடத்தில் சாமி. எங்கள் குழுவிலேயே பூட்டன் பேர் சொல்லக்கூடியவர்கள் ஓரிருவர்தான். இதை நாங்கள் குறையாகப் பார்க்கவில்லை. சாதிப் பேரைப் பின்னால் சுமப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் சரியாக அந்த இடத்தில்தான் கை வைத்தது. இலங்கையில் பிறந்திருந்தாலும் போதாது. அப்பா இங்கே பிறந்தவர் என்று காட்ட வேண்டும், இல்லையென்றால் அப்பா வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். பிறப்புப் பதிவே இல்லாத, பேர் மாறி மாறிப் பதியப்பட்ட லயத்து மக்கள் எதைக் காட்டுவது? பேர் இல்லாததால் உரிமை போனது என்று நாங்கள் சொல்லவில்லை. உரிமை கொடுக்கக்கூடாது என்று முடிவெடுத்தவர்களுக்குக் கடதாசி வசதியாக இருந்தது. சுமார் 7 இலட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று தலை எண்ணிப் பிரித்தது. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். இங்கே நாடற்றவர்களாகவே தங்கியவர்களுக்கு உரிமை கொடுக்கும் சட்டம் 2003 வரை இழுபட்டது.