ஒரு சாண் குறைந்த தண்டு

அறுவடைக்குக் கிட்டவாக மழையும் காற்றும் வந்தால் நமது வயல்காரர்கள் சொல்லும் முதல் வார்த்தை, "வேளாண்மை சாஞ்சிட்டு." கதிர் சேற்றில் கிடந்து முளைத்துவிடும். வெட்டுவதும் பெரும்பாடு. கோதுமை விளையும் நாடுகளுக்கும் காலங்காலமாக இதே கஷ்டம்தான். அது எப்படிக் குறைந்தது என்ற கதையில் நாம் தின்னும் பாணுக்கும் ரொட்டிக்கும் பங்கு உண்டு.

பழைய கோதுமை நாலடிக்கு வளரும். பசளை போட்டால் கதிர் கனக்கும், தண்டும் நீளும், பாரம் தாங்காமல் பயிர் விழும். அதனால் பசளை கையில் இருந்தும் ஓரளவுக்கு மேல் போட முடியவில்லை. தடை தண்டில்தான் இருந்தது.

அதற்கான மருந்து ஜப்பானில் இருந்தது. இவாத்தே மாகாணத்தில் கொஞ்சிரோ இனாசுகா என்பவர், 'தருமா' என்ற குட்டைக் கோதுமையின் வழியில் அமெரிக்க இனங்களைக் கலந்து உருவாக்கிய 'நோரின் 10' 1935இல் வெளியானது. யுத்தம் முடிந்து 1946இல், அமெரிக்கப் படை நிர்வாகத்தோடு அங்கிருந்த விவசாய விஞ்ஞானி செசில் சல்மன் அதைக் கண்டார். விதை அமெரிக்காவுக்குப் போனது. வாஷிங்டன் மாநிலத்தில் ஓர்வில் வோகல் அதை உள்ளூர்க் கோதுமையோடு கலந்தார். அவரிடம் விதை வாங்கிய நோர்மன் போர்லாக், மெக்சிகோவில் நோய் தாங்கும் இனங்களோடு சேர்த்து 1962இல் குட்டைக் கோதுமைகளை வெளியிட்டார்.

1966இல் இந்தியா மெக்சிகோவிலிருந்து 18,000 தொன் விதை இறக்கியது. மறுவருடம் பாகிஸ்தான் 42,000 தொன் இறக்கியது. 1965இல் சுமார் 12 மில்லியன் தொன்னாக இருந்த இந்தியக் கோதுமை விளைச்சல் 1970இல் 20 மில்லியன் தொன்னை எட்டியது. அந்த வருடம் போர்லாக்குக்குச் சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. இனாசுகாவின் பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

தண்டு ஏன் குட்டையானது? உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகளுக்கு ஜிபரலின் என்ற ஓமோன் தெரியும். பயிரின் வளர்ச்சிக்கு ஒரு புரதம் பிரேக் பிடித்து வைத்திருக்கும். ஜிபரலின் வந்து அந்தப் புரதத்தை அகற்றினால் தண்டு நீளும். நோரின் 10இல் இருந்த இரண்டு பரம்பரையலகுகளில் ஏற்பட்ட மாற்றத்தால், ஜிபரலின் வந்தாலும் அந்தப் பிரேக் விலகுவதில்லை. இதை விஞ்ஞானிகள் விளங்கிக்கொண்டது 1999இல்தான். தண்டுக்குப் போகவேண்டிய சத்தில் ஒரு பங்கு கதிருக்குப் போகிறது, மணி கூடுகிறது. பசளை போட்டாலும் பயிர் நிற்கிறது.

நெல்லிலும் இதே கதைதான். தாய்வான் குட்டை நெல்லிலிருந்து 1966இல் பிலிப்பைன்ஸில் ஐ.ஆர். 8 வந்தது. அதன் வழியில் எழுபதுகளில் பத்தலகொடையிலிருந்து குட்டையான பீ.ஜீ. வர்க்கங்கள் வந்தன. நெல்லில் மாறிய பரம்பரையலகு வேறு. ஆனால் அதுவும் ஜிபரலினோடு சம்பந்தப்பட்டதுதான்.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. இந்த வர்க்கங்களின் பலமே பசளையைத் தாங்கி, அதை மணியாக்குவது. பசளையை எடுத்துவிட்டால் அந்தப் பலத்தில் பாதி போய்விடும். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அடுத்து வந்த பெரும்போகத்தில் என்ன நடந்தது என்பதை வயல் செய்தவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. விதையையும் பசளையையும் தண்ணீரையும் சேர்த்துத்தான் அந்த விளைச்சல் வந்தது. ஒன்றை மட்டும் ஒரே நாளில் உருவினால் மற்றவை தாங்காது.

இரசாயனம் மண்ணுக்குச் செய்த கேட்டைப் பற்றிப் பேசத்தான் வேண்டும். பேசும்போது, விதையையும் சேர்த்து, பல போகங்களுக்குத் திட்டம் போட்டு மாறவேண்டும் என்று பேசுவோம்.

இடுப்புக்கு மேல் வளர்ந்த பழைய நெல்லை விதைத்த வாப்பாமார், மூத்த காக்காமார் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அந்த நெல்லின் பெயர், எத்தனை மாதப் பயிர், ஏக்கருக்கு எத்தனை மூடை என்று அவர்களிடம் கேட்டுக் கீழே எழுதுங்கள். அவர்களோடு அது மறைந்துவிடக் கூடாது.