ஹாமில்டன் புலிகள் கேட்ட 200 வெள்ளி

ஹாக்கி என்றதும் பசும்புல் திடலும் வளைந்த மட்டையும் வெள்ளைப் பந்துமே நம் நினைவுக்கு வரும். இன்று நாம் பேசப்போவது வேறொரு ஹாக்கியைப் பற்றி. கனடா நாட்டில் குளிர்காலம் வந்தால் ஏரிகளும் ஆறுகளும் உறைந்து, மனிதர் நடமாடும் அளவுக்கு இறுகிவிடும். அந்தப் பனிக்கட்டியின்மேல், காலணியின் அடியில் இரும்பு அலகைப் பொருத்திக்கொண்டு, சறுக்கி ஓடி விளையாடும் ஆட்டமே ஐஸ் ஹாக்கி. ஒரு பக்கத்திற்கு ஆறு பேர். பந்துக்குப் பதிலாக, மூன்று அங்குல அகலமும் ஓர் அங்குலக் கனமும் உள்ள ரப்பர் வட்டு ஒன்றை அடிப்பார்கள். நம் கதை நடந்த 1925ஆம் ஆண்டில், உலகிலேயே மிகுதியாக ரப்பர் தந்த நாடு மலாயா. அந்த வட்டுகளில் எத்தனை நம் பாட்டன்மார் வெட்டிய பாலில் உருவானவையோ, யார் கண்டது!

பொழுதுபோக்காகத் தொடங்கிய இந்த ஆட்டம் சிறிது சிறிதாகக் கூலிக்கு ஆடும் தொழிலாக மாறியது. 1917ஆம் ஆண்டு நவம்பர் மாதம், மொன்றியால் நகரத்து ஹோட்டல் ஒன்றில் குழு முதலாளிகள் கூடி, நேஷனல் ஹாக்கி லீக் என்னும் அமைப்பை ஏற்படுத்தினார்கள். முதல் பருவத்திலேயே ஓர் அரங்கம் தீக்கிரையாகி, ஒரு குழு விலகிக்கொள்ள, மூன்றே குழுக்கள் மிஞ்சின. அப்படித் தட்டுத்தடுமாறி எழுந்த அமைப்பு அது.

லீக்கின் தலைவராக அமர்ந்தவர் பிராங்க் கால்டர். இங்கிலாந்தில் பிறந்து கனடாவுக்குக் குடியேறி, முதலில் பள்ளி ஆசிரியராகவும் பின்னர் செய்தித்தாளில் விளையாட்டுப் பகுதி ஆசிரியராகவும் இருந்தவர். கண்டிப்பானவர். இந்தக் கதையில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

ஒண்டாரியோ மாநிலத்தில், ஏரிக்கரையில், இரும்பு ஆலைகளின் புகை சூழ்ந்த தொழிலாளர் நகரம் ஹாமில்டன். 1920ஆம் ஆண்டில் கியூபெக் நகரத்துக் குழு அங்கு மாற்றப்பட்டு, 'டைகர்ஸ்', அதாவது 'புலிகள்' என்று பெயர் பெற்றது. பெயர்தான் புலி. தொடர்ந்து நான்கு ஆண்டுகள் அந்தக் குழு லீக்கில் கடைசி இடத்திலேயே கிடந்தது. நான்காம் ஆண்டில் 24 ஆட்டங்களில் 9 ஆட்டங்களில்தான் வெற்றி.

ஐந்தாம் ஆண்டு, 1924-25ஆம் பருவம், எல்லாம் மாறியது. அந்த ஆண்டில் லீக் விரிவடைந்தது. அமெரிக்காவிலிருந்து முதல் குழுவாகப் பாஸ்டன் சேர்ந்தது. மொன்றியாலில் மெரூன்ஸ் என்னும் இரண்டாவது குழு எழுந்தது. ஆக மொத்தம் ஆறு குழுக்கள். குழுக்கள் பெருகியதால் ஒவ்வொரு குழுவும் ஆடவேண்டிய ஆட்டங்களை 24லிருந்து 30ஆக உயர்த்தினார்கள். இந்தக் கணக்கை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஹாமில்டன் குழுவின் தலைவர் ஷார்ட்டி கிரீன். ஷார்ட்டி என்றால் குள்ளன், செல்லப் பெயர். முதல் உலகப் போரில் களம் கண்டு, நச்சுப் புகையால் பாதிக்கப்பட்டுத் திரும்பியவர். அவருடைய சகோதரர் ரெட் கிரீனும் அதே குழுவில் இருந்தார். நடுக்களத்தில் பில்லி பர்ச். அந்தப் பருவத்தின் தலைசிறந்த ஆட்டக்காரருக்குரிய பரிசு அவருக்குத்தான் கிடைத்தது. கோல் காத்தவர் ஜேக் போர்ப்ஸ். இவர் முன்பு டொரொண்டோ குழுவில் இருந்தபோது, கொடுத்த சம்பளம் போதாதென்று ஒரு பருவம் முழுவதும் ஆடாமல் வீட்டில் இருந்தவர். பிடிவாதத்துக்குப் பேர்போனவர் என்று இதிலிருந்தே தெரியும்.

அந்தப் பருவத்தில் ஹாமில்டன் 30 ஆட்டங்களில் 19இல் வென்று, 39 புள்ளிகளுடன் முதலிடத்தைப் பிடித்தது. டொரொண்டோவுக்கு 38, மொன்றியால் கனேடியன்ஸ் குழுவுக்கு 36. விதிப்படி, இரண்டாம் மூன்றாம் இடத்துக் குழுக்கள் முதலில் மோதவேண்டும். வெல்லும் குழு ஹாமில்டனோடு இறுதி ஆட்டம் ஆடவேண்டும். நான்காண்டு இழிவுக்குப் பின் ஊருக்கு வந்த பெருமை இது. ஊர் மக்கள் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்கள் என்று சொல்லவும் வேண்டுமோ!

அப்போதுதான் ஆட்டக்காரர்கள் தங்கள் நிர்வாகி பெர்சி தாம்சனிடம் சென்று ஒன்றைக் கேட்டார்கள். ஆட்டங்கள் ஆறு கூடிவிட்டன, சம்பளம் கூடவில்லை. ஆளுக்கு 200 வெள்ளி கொடுத்தால்தான் இறுதிச் சுற்றில் களமிறங்குவோம் என்றார்கள்.

நம் தோட்டத்துக் கணக்கில் சொன்னால் இது எளிதில் விளங்கும். 400 மரம் கொண்ட நிரையில் மேலும் 100 மரத்தைச் சேர்த்துவிட்டுப் பழைய நாள் சம்பளத்தையே கொடுத்தால் என்ன சொல்வோம்? 24 ஆட்டம் 30 ஆட்டமானதும் அதே கணக்குத்தான். கால் பங்கு வேலை கூடுதல். அந்த ஆண்டில் ஹாமில்டன் குழு நல்ல இலாபமும் ஈட்டியிருந்தது.

நிர்வாகத்தின் பதில் வேறு. ஒப்பந்தத்தில் ஆட்டங்களின் எண்ணிக்கை இல்லை, காலக்கெடுவே உள்ளது. அந்தக் காலத்துக்குள் எத்தனை ஆட்டம் வைத்தாலும் ஆடவேண்டியதுதான் என்றார்கள். எழுத்துப்படி பார்த்தால் அதில் பிழை காண்பது கடினம். ஆனால் அந்த எழுத்தை எழுதியவர்கள் முதலாளிகள். 24 ஆட்டங்கள் வழக்கில் இருந்தபோது கையெழுத்திட்டவனுக்கு நாளை 30 ஆகும் என்று எப்படித் தெரியும்? நம் பார்வையில் நியாயம் ஆட்டக்காரர் பக்கமே இருந்தது.

விவகாரம் கால்டரிடம் சென்றது. ஆடாவிட்டால் தடை விதிக்கப்படும், நான்காம் இடத்து ஒட்டாவா குழுவை உங்கள் இடத்தில் நிறுத்துவோம் என்று அவர் எச்சரித்தார். ஒரு குழு பணிந்தால் நாளை எல்லாக் குழுக்களும் கேட்கும் என்பதே அவருடைய அச்சம். ஷார்ட்டி கிரீனும் பில்லி பர்ச்சும் அவரைச் சந்தித்துப் பேசினார்கள். பேச்சு பலிக்கவில்லை. ஆட்டக்காரர்களும் அசையவில்லை. ஒருவர்கூடப் பிரிந்து போய், நான் மட்டும் ஆடுகிறேன் என்று சொல்லவில்லை என்பதை நாம் குறிப்பிட்டாக வேண்டும். அவர்களுக்குச் சங்கம் இல்லை. துணைக்கு வர வேறு குழுவும் இல்லை.

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்லலாம். 1910ஆம் ஆண்டில், ஒரு குழுவின் மொத்தச் சம்பளமே 5,000 வெள்ளிக்கு மேல் போகக்கூடாது என்று அன்றைய லீக் முதலாளிகள் வரம்பு கட்டியபோது, எதிர்த்து நின்ற ஆட்டக்காரர்களில் முன்னணியில் இருந்தவர் ஆர்ட் ராஸ். 1925இல் அதே ஆர்ட் ராஸ், புதிய பாஸ்டன் குழுவின் நிர்வாகி. அவர் குழு அந்தப் பருவத்தில் 30இல் 24 ஆட்டங்களில் தோற்றது.

முடிவில் டொரொண்டோவும் கனேடியன்ஸும் மட்டும் மோதின. வென்ற கனேடியன்ஸே லீக்கின் வெற்றிக் குழு என்று கால்டர் அறிவித்துவிட்டார். அக்காலத்தில் ஸ்டான்லி கிண்ணத்துக்குக் கிழக்கு லீக்கும் மேற்கு லீக்கும் போட்டியிடுவது வழக்கம். கனேடியன்ஸ் கனடாவின் மறுகோடிக்குச் சென்று, விக்டோரியா குழுவிடம் மூன்றுக்கு ஒன்று என்று தோற்றுத் திரும்பியது. அதற்குப் பின் இந்த லீக்கைச் சேராத எந்தக் குழுவும் அந்தக் கிண்ணத்தை வென்றதில்லை.

ஹாமில்டன் ஆட்டக்காரர்கள் எல்லாருக்கும் தடை விதிக்கப்பட்டது, அபராதமும் விழுந்தது. அபராதம் எவ்வளவு தெரியுமா? ஆளுக்கு 200 வெள்ளி. கேட்ட தொகை எதுவோ அதையே தண்டமாகக் கட்டவைத்தார்கள்.

கதை அதோடு நிற்கவில்லை. நியூயார்க் நகரில் அப்போது மேடிசன் ஸ்குவேர் கார்டன் என்னும் பேரரங்கம் எழுந்துகொண்டிருந்தது. மதுவிலக்குக் காலத்தில் கள்ளச் சாராயத்தில் பணம் குவித்த பில் டுவையர் என்பவர், ஹாமில்டன் ஆட்டக்காரர்களை 75,000 வெள்ளிக்கு வாங்கினார். வேலைநிறுத்தத்தால்தான் ஹாமில்டன் குழுவை இழந்தது என்று சிலர் கூறுவர். நாம் அப்படி முழுப் பழியையும் அதன்மேல் போடமாட்டோம். நியூயார்க்கின் பணம் முன்பே லீக்கைக் கண்சிமிட்டி அழைத்துக்கொண்டிருந்தது.

நியூயார்க் அமெரிக்கன்ஸ் என்று பெயர் மாறிய குழுவில் அவர்களுக்குச் சம்பளம் உயர்ந்தது. ஷார்ட்டி கிரீன் 3,000 வெள்ளியிலிருந்து 5,000 வெள்ளிக்குப் போனார். 1925ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள், புதிய அரங்கில் நடந்த முதல் லீக் ஆட்டத்தில் முதல் கோலை அடித்தவரும் அவரே. ஆனால் அந்தப் பருவத்தில் அவர்கள் 12 ஆட்டங்களில்தான் வென்றார்கள். இறுதிச் சுற்றை எட்டவில்லை. 1942ஆம் ஆண்டில் அந்தக் குழுவே மறைந்தது.

ஆட்டக்காரர் சங்கம் ஒன்றைக் கட்ட 1957இல் டெட் லிண்ட்சே முயன்றார். அவரை டெட்ராயிட் குழு சிக்காகோவுக்கு மாற்றி அனுப்பியது. 1967ஆம் ஆண்டில்தான் நிலைத்து நின்ற சங்கம் பிறந்தது.

இரும்பு நகரம் என்ன ஆயிற்று? 1985ஆம் ஆண்டில் ஹாமில்டன், ஏறத்தாழ 17,000 பேர் அமரும் அரங்கம் ஒன்றைக் கட்டி, லீக் மீண்டும் வரும் என்று காத்திருந்தது. லீக் குழு இன்றுவரை அங்குத் திரும்பவில்லை.