அலைவுகாட்டி: அசலும் நகலும்

அலைவுகாட்டி வாங்க விரும்பும் நீங்கள், அசலா மலிவான நகலா என்று தயங்குகிறீர்களா? இத்தயக்கம் புதிதன்று. அமெரிக்காவின் போர்ட்லந்தில் 1946இல் தோன்றிய டெக்ட்ரானிக்ஸ் நிறுவனம், 1947இல் 511 என்னும் அலைவுகாட்டியை விற்பனைக்குக் கொணர்ந்தது. அலை வந்த கணத்தில்தான் அதன் ஒளிப்புள்ளி ஓடத் தொடங்கும். ஆகவே படம் திரையில் அசையாது நின்றது. கட்டங்களை எண்ணியே நேரத்தை அளக்க முடிந்தது.

பின்னர் இந்நிறுவனத்தின் கருவிகளைப் போன்ற நகல்களை ஹிக்கோக், லவாய் முதலிய நிறுவனங்களிடம் செய்து வாங்கியது யார் தெரியுமா? அமெரிக்க அரசேதான்! டெக்ட்ரானிக்ஸ் 1961இல் அரசின்மீது வழக்குத் தொடுத்தது. சில காப்புரிமைகள் மீறப்பட்டன என்ற தீர்ப்பு 1971இல்தான் வந்தது.

சுற்றுப்படத்தை எவரும் நகலெடுத்துவிடலாம். ஆனால் அக்காலத்து டெக்ட்ரானிக்ஸ் கருவியொன்றைத் திறந்து பாருங்கள். பாகங்களைப் பற்றவைத்துள்ள பீங்கான் பட்டைகளின் பள்ளங்களில் வெள்ளிப் பூச்சு இருக்கும். சாதாரண ஈயப் பற்றாசு அந்த வெள்ளியைக் கரைத்துவிடும். பிறகு இணைப்பு ஒட்டாது. எனவே, 3 சதவீதம் வெள்ளி கலந்த பற்றாசுச் சுருளொன்றைக் கருவியின் உள்ளேயே வைத்து அனுப்பினார்கள். பழுதுபார்ப்பவரையும் நினைத்துச் செய்த வேலை அது!

பொழுதுபோக்காகச் செய்யும் பேட்டரிச் சுற்றுகளுக்கு நல்ல நகலே போதும் என்பது என் கருத்து. ஆனால் சுற்றுப்படமும், அளவு திருத்தும் முறையும் உடன் வருகின்றனவா என்று கேட்டு வாங்குங்கள்.