மூட்டைக்கு ஓர் இடம்

சென்னையிலிருந்து பேப்பூர் வரையிலான இருப்புப்பாதை 1862-ஆம் ஆண்டில் நிறைவெய்தியபின், அப்பாதையிலே அமைந்த திருப்பூரின் கதரையும் பிற்காலத்தே பனியனையும் மூட்டைகட்டிச் சுமந்த சிறு வியாபாரிகளுக்கு, ரயில் பெட்டியில் தம் ஆசனத்தைக் காட்டிலும் தலைக்கு மேலுள்ள சாமான் பலகையே பிரதானமாயிருந்தது. ஜன்னல் வழியே துண்டெறிந்து இடம் பிடிக்கும் நம் வழக்கம் எந்தச் சட்டத்திலும் இல்லாதது. ஆயினும் அந்நியர் ஒருவர் போட்ட துண்டைப் பிறர் மதித்து விலகுவது ஜனங்களின் நியாய உணர்ச்சிக்குச் சிறந்த அத்தாட்சி என்பேன்.

ஏற்றுமதி பெருகியபின், சாம்பிள் ஆடைகளைக் கைப்பையில் அடக்கிக் கோவை பீளமேட்டில் விமானமேறும் திருப்பூர்க்காரருக்கும் சாமானுக்கு இடம் கிடைக்குமா என்ற அதே கவலைதான். அமெரிக்காவிலும் இக்கவலை உண்டு: 2008-இல் அந்நாட்டு விமானக் கம்பெனிகள் பல, சரக்கறைக்கு ஒப்படைக்கும் முதற்பெட்டிக்கே கட்டணம் விதிக்கத் தொடங்கவே, பிரயாணிகள் யாவற்றையும் கையோடு கொணர, தலைக்கு மேலுள்ள சாமானறைக்கான போட்டி முற்றி, முந்தி ஏறும் உரிமையும் விலைப்பொருளாயிற்று. ஏழைக்கும் இடமளித்த துண்டே இதனினும் நேர்மையான ஏற்பாடு.