மூன்றாவது பெயர்

பால்கார அண்ணன் வேட்டி மடிப்பிலிருந்து ஆர்.சி. புத்தகத்தை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். பிளாஸ்டிக் உறைக்குள் பால் வாடையும் ஆயில் வாடையும் கலந்து கிடந்தன. முதலில் பட்டுக்கோட்டைக்காரர் ஒருவரின் பெயர், 1998. அதற்குப் பிறகு அண்ணனின் பெயர். அடுத்த கட்டம் வெறுமையாக இருந்தது. 2004 சித்திரையில் அந்த இடத்தில் என் பெயர் ஏறியது. வண்டி, டிவிஎஸ் சுசுகி மேக்ஸ் 100. விலை 11,000 ரூபாய்.

புதுக்கோட்டையில் ஓர் அச்சகத்தில் எனக்கு வேலை. கறம்பக்குடியிலிருந்து நாற்பது கிலோமீட்டர் போல. அச்சுப்பிழை பார்த்து முடிக்க இரவாகிவிடும். கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவேன். பிடிக்க முடியாத நாளில் காகிதக் கட்டின்மேல் படுத்துக்கொள்வேன். இரண்டு வருடம் அப்படிப் போனது. சீட்டுப்பணம் கைக்கு வந்த அன்றே வண்டி தேடத் தொடங்கினேன்.

எங்கள் செட்டில் எல்லோருக்கும் யமஹா ஆர்எக்ஸ் 100 மேல்தான் கண். 98 சிசி இன்ஜினில் 11 குதிரைத்திறன். 1985-ல் வந்து 1996-ல் நின்றுபோன வண்டி. நின்றபிறகு அதன் மதிப்பு ஏறிவிட்டது. கன்சல்டிங் கடையில் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவோம். மேக்ஸுக்கு அந்தப் பாய்ச்சல் கிடையாது. ஆனால் இழுவை உண்டு. இரண்டு பக்கமும் கேன் கட்டி, பின்னால் தவிட்டு மூட்டையும் ஏற்றி, வயல் வரப்போரத்து மண்பாதையில் முதல் கியரில் முனகாமல் ஏறும். பால்காரர்களும் மீன்காரர்களும் அதைத் தேடி வாங்கியதற்கு அதுதான் காரணம்.

அது பிறந்த இடம் ஓசூர். மதுரையில் பேருந்து விட்டுத் தொடங்கிய டி.வி.சுந்தரம் ஐயங்காரின் குழுமம், 1980-ல் அங்கே டிவிஎஸ் 50 மொபெட்டைக் கொண்டுவந்தது. பிறகு ஜப்பானின் சுசுகியோடு சேர்ந்து 1984-ல் ஏஎக்ஸ் 100 என்ற மோட்டார் சைக்கிளை இறக்கியது. மேக்ஸ் அந்த வம்சம். 2001-ல் இரு கம்பெனிகளும் பிரிந்தன. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுக இறுக டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்களின் காலமும் முடிந்தது. நான் வாங்கியபோது என் வண்டியின் டேங்கில் இருந்த இரண்டு பெயர்களில் ஒன்று பழங்கதையாகிவிட்டிருந்தது.

பட்டுக்கோட்டைக்காரரை நான் பார்த்ததில்லை. வண்டியை வைத்துத்தான் அவரைத் தெரியும். டேங்குக்கும் சீட்டுக்கும் நடுவே குழந்தை சீட் மாட்டியதற்கான இரண்டு ஓட்டைகள். சீட்டைக் கழற்றித் துடைத்தபோது அடியில் ஒரு தடுப்பூசி அட்டையின் பாதி, மடித்தபடி இருந்தது. காய்ச்சல் கண்ட பிள்ளையை முன்னால் உட்காரவைத்து ஒரு கையால் அணைத்துக்கொண்டு அவர் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார் என்று நானே நினைத்துக்கொண்டேன். அட்டையை எறிய மனம் வரவில்லை. புத்தக உறைக்குள் செருகி வைத்தேன்.

பால்கார அண்ணனின் தடங்கள் வேறு மாதிரி. இரண்டு பக்கமும் கேன் மாட்டும் கொக்கிகளைப் பற்றவைத்திருந்தார். வீட்டுக்கு வீடு நின்று நின்று கிளம்பியதில் கிளட்ச் பிளேட் தேய்ந்துபோயிருந்தது. பின் ஷாக் அப்சார்பர் இரண்டும் படுத்துவிட்டன. என்னோடு வந்த மெக்கானிக் மாமா சைலன்சர் வாயில் விரலை விட்டுப் பார்த்தார். கரி அப்பிக்கொண்டு வந்தது. “கழற்றி நெருப்புல போட்டா சரியாயிடும் மாப்ள. இன்ஜின்ல சத்தம் இல்ல, வாங்கு” என்றார்.

கிளம்பும்முன் அண்ணன் என்னை நிறுத்தினார். “தம்பி, இதுக்கு ஒரு பக்குவம் இருக்கு. சோக்கப் போடு. கிக்கரப் பாதி வரைக்கும் மெதுவா அமுக்கி, விடு. அப்புறம் ஒரே மிதி. கோவமா மிதிச்சா எந்திரிக்காது.” அப்படியே செய்தேன். நீலப்புகையோடு எழுந்துகொண்டது. அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் வேறு புது வண்டி வாங்கியிருந்தார், இருந்தும் அப்படித்தான்.

வீட்டில் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. “அடுத்தவன் வியாதியக் காசு குடுத்து வாங்கிட்டு வந்திருக்கான்” என்று திண்ணையிலிருந்து எழுந்து போய்விட்டார். அம்மா வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்து அந்த இரண்டு ஓட்டைகளையும் தடவிப்பார்த்தாள்.

அம்மா ஏன் தடவினாள் என்று எனக்குத் தெரியும். 1990-களின் தொடக்கத்தில் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சேர்த்து சைக்கிளையும் பெண்களின் கைக்குக் கொண்டுவந்தார். ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே பலரும் ஓட்டினார்கள். அம்மா அவர்களில் ஒருத்தி. புடவையைத் தூக்கிச் செருகி, பாரில் தங்கையை உட்காரவைத்து, முழங்கால் இரண்டும் சிராய்த்தபடி தெருவில் போனது எனக்கு நினைவிருக்கிறது. புதுக்கோட்டைக்காரர்கள் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிக்கொள்ள வேண்டிய சங்கதி இது.

“ஏத்துடா, ஆலங்குடி வரைக்கும் போவோம்” என்றாள் அம்மா. ஊரைத் தாண்டியதும் முந்திரித் தோப்புகள். செம்மண் காட்டின் சூடு இறங்கி, தைல மர வாசனை எழும் நேரம். மூன்றாவது கியரிலிருந்து நான்காவதுக்கு மாற்றியபோது சத்தம் தணிந்து வண்டி வழுக்கிக்கொண்டு போனது. எந்த நிறுத்தத்திலும் நிற்க வேண்டியதில்லை, யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. நினைத்த இடத்தில் நிறுத்தினேன். சாலையோரத்தில் பலாச்சுளை வாங்கி இருவரும் வண்டியில் சாய்ந்து நின்று தின்றோம். அம்மா பேசவே இல்லை. திரும்பும்போது மட்டும், “இன்னும் கொஞ்சம் வேகமாப் போயேன்” என்றாள்.

டூ ஸ்ட்ரோக் வண்டிக்குச் சாப்பாடு கொடுப்பதே ஒரு வேலை. பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் வேண்டிய மசகு, பெட்ரோலோடு சேர்ந்து எரியும் ஆயிலிலிருந்துதான் கிடைக்க வேண்டும். நான் லிட்டருக்கு 20 மில்லி கணக்கில் கலந்து ஊற்றினேன். குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்; கூடினால் பிளக் கரியாகி நடுவழியில் நின்றுவிடும். சட்டைப்பையில் பேனாவோடு ஒரு பிளக்கும் உப்புத்தாள் துண்டும் எப்போதும் இருந்தன. கடைசி பஸ்ஸுக்கு நான் பிறகு ஓடவே இல்லை.

பதினைந்து வருடம் முடிந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2013-ல் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டிப் புதுப்பித்தேன். 2018-லும் காட்டினேன். அந்த நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல் எங்கள் பக்கத்தைப் புரட்டிப்போட்டது. விடிந்து பார்த்தால் வானம் மட்டும்தான் நின்றது. தென்னை, பலா, முந்திரி எல்லாம் தரையில். கொட்டகைமேல் எங்கள் தென்னை விழுந்து வண்டியின் ஹெட்லைட்டையும் ஹேண்டில்பாரையும் நசுக்கியிருந்தது. இரண்டு பேர் சேர்ந்து வெளியே இழுத்தோம். ஹேண்டில்பாரைக் கடப்பாரையால் நிமிர்த்திவிட்டு, பாதி அமுக்கி விட்டு, ஒரு மிதி. எழுந்துகொண்டது. வாரக்கணக்கில் கரண்ட் இல்லாத அந்த நாட்களில், அறுத்துப்போட்ட மரங்களுக்கு இடையே கார் நுழையாத சந்துகளில், அண்ணனின் பழைய கொக்கிகளில் தண்ணீர்க் குடங்கள் தொங்கின. அப்பாவும் ஒரு நாள் பின்னால் ஏறி உட்கார்ந்து குடத்தைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த வருடம் ஒரு பையன் வந்தான். விழுந்த தோப்புகளுக்குத் தென்னங்கன்று கொண்டுபோய்க் கொடுக்கிறான்; கொக்கி வைத்த வண்டி வேண்டும் என்றான். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டேன். தடுப்பூசி அட்டையை எடுத்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்து, உறைக்குள்ளேயே விட்டுவிட்டேன்.

அவன் வேகமாக மிதித்தான். இரண்டு முறை, மூன்று முறை. எழவில்லை.

“தம்பி, இரு” என்றேன். “சோக்கப் போடு. பாதி வரைக்கும் மெதுவா அமுக்கி, விடு.”