இணையம் எட்டாத இடத்திலும் வசனம்



நம் பெண்ணாடத்தை ஒட்டி ஓடும் வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கிறது. அக்கடற்கரையில் தெற்கே இருக்கும் தரங்கம்பாடிக்கு, ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் அச்செழுத்துக்கள் 1713-இல் வந்துசேர்ந்தன. அவை அளவில் மிகப் பெரியவை, காகிதமோ அரிது. அவ்வெழுத்துக்களைக் கொண்டு புதிய ஏற்பாடு முழுவதையும் அச்சிட முடியாதென்று கண்ட சீகன்பால்க் ஐயரும் உடன் ஊழியரும், ஈயத்தால் சிறிய எழுத்துக்களை இங்கேயே வார்ப்பித்தார்கள். 1715-இல் அச்சுவேலை நிறைவேறியது. இந்திய மொழிகளில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அதுவே. எழுத்தின் அளவைப் பற்றிய அந்த ஒரு முடிவினால் வசனம் மக்கள் கையை எட்டியது.

அதுபோன்ற ஒரு முடிவு நம் காலத்திலும் எடுக்கப்பட்டது. உங்கள் கைப்பேசியிலுள்ள வேத ஆராய்ச்சிச் செயலியில் 31,000-க்கும் மேற்பட்ட வசனங்கள், அதிகார எண்ணோடும் வசன எண்ணோடும் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. நீங்கள் ஒரு சொல்லைத் தேடும்போது அவற்றை நொடியில் எடுத்துத் தருவது தரவுத்தளம் என்னும் உட்பகுதி. ரிக் மேயர்ஸ் என்பவர் 2000-இல் இலவசமாய் வெளியிட்ட 'இ-சுவார்டு' மென்பொருள், தொடக்கத்தில் மைக்ரோசாப்ட் அக்ஸஸ் வகைக் கோப்புகளில் வேதத்தைச் சேமித்தது. அவ்வகைக் கோப்பு விண்டோஸ் கணினியைச் சார்ந்தது. 9-ஆம் பதிப்பில் அது எஸ்க்யூலைட்டுக்கு மாறியது. ஆண்ட்ராய்டுக்கான 'மைசுவார்டு' செயலியும் எஸ்க்யூலைட்டையே பயன்படுத்துகிறது.

எஸ்க்யூலைட் பிறந்த வரலாறு கவனிக்கத்தக்கது. ரிச்சர்ட் ஹிப் என்பவர் அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்றுக்கான மென்பொருளில் பணியாற்றினார். தரவுகளை வழங்கும் சர்வர் நின்றால் அவருடைய நிரலும் நின்றுபோகும். ஆகவே சர்வரே தேவைப்படாத தரவுத்தளம் ஒன்றை 2000-இல் உருவாக்கினார். எல்லாத் தரவும் ஒரே கோப்பில் அடங்கும். அக்கோப்பை விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு எதற்குக் கொண்டுசென்றாலும் அப்படியே திறக்கும். அதற்கு அவர் உரிமை கோரவில்லை. உரிமை அறிவிப்பு நிற்கவேண்டிய இடத்தில், நன்மை செய்வதையும் மன்னிப்பதையும் தாராளமாய்ப் பகிர்வதையும் வேண்டும் ஆசிமொழி ஒன்றை எழுதி வைத்தார்.

அதற்கு ஓர் எல்லையும் உண்டு. ஒருவர் அதில் எழுதும்போது எழுத விரும்பும் மற்றவர் காத்திருக்க வேண்டும். எனவே பலர் ஒரே வேளையில் எழுதும் பெரும்பணிக்கு அது ஏற்றதன்று. ஆயினும், தனித்திருந்து வேதம் வாசிப்பவருக்கு அதனால் இடையூறு இல்லை.

பிரியமானவர்களே, உங்கள் தியானக் குறிப்புகளை ஒரு செயலியில் எழுதத் தொடங்குமுன் மூன்று காரியங்களைச் சோதித்துப் பாருங்கள். இணையத்தை அணைத்தபின்பும் தேடல் நடக்கிறதா? குறிப்புகளை ஒரு கோப்பாக வெளியே எடுக்க முடிகிறதா? அக்கோப்பு வேறொரு கருவியிலும் திறக்கிறதா? பத்தாண்டுகள் கண்ணீரோடும் ஜெபத்தோடும் எழுதியவை, ஏதோ ஒரு நிறுவனம் மூடப்படும் நாளில் உங்களைவிட்டுப் போகலாகாது. அவை உங்கள் பிள்ளைகளுக்குச் சேரவேண்டிய சுதந்தரம்.

இணைப்புக் கிடைக்காத வயலோரத்திலும், ஓடும் ரயிலிலும், மருத்துவமனைக் கட்டிலருகிலும் வசனம் உங்களோடிருக்கட்டும். கர்த்தர்தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.